ஆடாதோடையும் உம்மாவின் மூச்சும்

கொழும்பு
12 பெப்ரவரி 2022

அன்புள்ள ஸுஹைல் நானாவுக்கு,

தங்கச்சி முனவ்வராவின் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் நான் சுகம். ஹொஸ்டல் சோறு மட்டும்தான் என்னோடு சண்டை பிடிக்கிறது. உம்மாவின் இழுப்பு எப்படி? இந்தப் பனி போகும்வரை காலையில் முற்றத்துக்கு இறங்க விடவேண்டாம்.

போன் இருக்கும்போது இவள் ஏன் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நம் வீட்டில் போனை எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவார்கள். நான் ஒரு தடவை இருமினால் உம்மா, பஹ்மிதா மதினி, பக்கத்து வீட்டு நூருன்னிஸா மாமி மூன்று பேரும் ஒன்றாகப் பதில் சொல்வார்கள். இதை நீங்கள் கடையில் இருந்து தனியாக வாசிக்க வேண்டும் என்பதால்தான் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

போன வருடம் லொக்டவுன் நேரத்தில், நம் கலேவெலத் தோட்டத்து வேலியில் வெட்டி ஆடாதோடை இலை அனுப்பினீர்கள் அல்லவா? அதில் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. தடிமனும் நெஞ்சுச் சளியும் கொண்டுவருகிற ஒரு வைரஸ் எங்களிடம் இருக்கிறது. குழி குழியான ஒரு தட்டில் நுரையீரல் செல்களை வளர்த்து, அதில் இந்த வைரஸை விட்டால் செல்கள் செத்துத் துணி அரித்தது மாதிரி ஆகிவிடும். உங்கள் இலைச் சாறு சேர்த்த குழிகளில் மட்டும் செல்கள் ஒன்றும் ஆகாமல் இருந்தன. திரும்பத் திரும்பச் செய்தேன். அதே முடிவு. எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துக் காட்டினால் அதுவே உன் டொக்டர் பட்டம் என்று எங்கள் புரொபசர் சொல்லிவிட்டார்.

ஆனால் தட்டு வேறு, மனுஷர் வேறு. தட்டில் கை கழுவுகிற சவர்க்காரம் விட்டாலும்தான் வைரஸ் சாகும். குடிக்கிற கஷாயம் வயிறும் ஈரலும் தாண்டி நெஞ்சுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது எவருக்கும் தெரியாது. உம்மாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்ஹேலருக்குப் பதில் இது என்று நினைத்துவிடக் கூடாது.

மாமியின் மகன் இன்ஷாபுக்கு என்னைக் கேட்டு வந்த விஷயத்தில், "படிச்சு எதயாச்சும் கண்டுபிடிக்கட்டும், அதுவரைக்கும் நான் பேச மாட்டேன்" என்று உம்மா எனக்கு வாக்குத் தந்தார். கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லுங்கள். இன்னும் இரண்டு வருடம் எனக்கு வேண்டும்.

அதே வேலியில் இன்னொரு சாக்கு இலை தேவை. மற்றவை நேரில்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
முனவ்வரா


மாத்தளை
5 மார்ச் 2022

அன்புத் தங்கச்சி முனவ்வராவுக்கு,

நானாவின் ஸலாமும் வீட்டார் எல்லோருடைய ஸலாமும். இங்கே யாவரும் நலம். நீ சாப்பாட்டைக் கவனி. போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது என்று பஹ்மிதா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே இனிப்புக்கு வட்டிலாப்பம் அவித்து எங்கள் ஒழுங்கை முழுக்க வீடு வீடாக அனுப்பினார். திருகோணமலை வீதியில் நான் நடந்தால், தங்கச்சி மருந்து கண்டுபிடித்ததாமே என்று கடை கடையாய்க் கேட்கிறார்கள். எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன். மாமி வந்தபோது உம்மா நேராகவே, பிள்ளைக்குப் பெரிய வேலை இருக்கிறது, இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இலை அனுப்பத் தாமதமாகும். பெட்ரோல் வரிசை நாகக்கோவிலைத் தாண்டிப் போகிறது. கடை லொறிக்கு டீசல் கிடைத்தால் டிரைவர் இத்ரூஸைக் கலேவெலவுக்கு அனுப்புவேன். கடைச் சரக்கில் கராம்பு விலை ஏறியிருக்கிறது. கரண்ட் வெட்டில் அரைக்கிற மெஷின்தான் பாதி நாள் தூங்குகிறது.

அல்லாஹ் உன் அறிவைக் கூட்டித் தருவானாக.

நானா ஸுஹைல்


கொழும்பு
21 மார்ச் 2022

அன்புள்ள நானா,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன், கோபமும் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதனால் கோபத்தை முதலில் எழுதுகிறேன்.

உம்மாவுக்குப் பாதிக் கடிதம்தானே வாசித்தீர்கள்? தட்டு வேறு, மனுஷர் வேறு என்ற இடத்தை விட்டுவிட்டீர்கள். வாசித்திருந்தால் வட்டிலாப்பம் ஒழுங்கை முழுக்கப் போயிருக்காது. தயவு செய்து அந்தப் பகுதியையும் வாசித்துவிடுங்கள்.

இங்கும் கரண்ட் இல்லை. வைரஸையும் செல்களையும் வைத்திருக்கிற குளிர்ப்பெட்டி சூடேறினால் எல்லாம் வீண். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்போது என் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டது. ஹொஸ்டல், லேப், ஹொஸ்டல் என்று போகிறது நாள். பழைய இலை முடியப் போகிறது. புது இலை வராமல் நான் ஒரு அடி நகர முடியாது.

பார்மசிகளில் இன்ஹேலர் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டேன். உம்மாவிடம் எத்தனை இருக்கிறது? மறக்காமல் எழுதுங்கள்.

முனவ்வரா


மாத்தளை
26 ஏப்ரல் 2022

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நோன்பு காலம் என்பதால் பதில் எழுதச் சுணங்கிவிட்டது. ஸஹருக்கு எழும்புகிறாயா? வெறும் பிஸ்கட்டோடு நோன்பு பிடிக்காதே.

உம்மா ஒரு நோன்பும் விடவில்லை. நோயாளி விடலாம், பிறகு பிடிக்கலாம் என்று மவ்லவியே சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. ஸஹரில் ஒரு கோப்பை ஆடாதோடைக் கஷாயம் குடிக்கிறார். நல்ல தெம்பாக இருக்கிறார். நீ கவலைப்படாதே.

ஒருவாறாக இத்ரூஸ் கலேவெலவுக்குப் போய் இலை வெட்டி வந்துவிட்டான். நாளை மிளகு லொறியில் வருகிறது. ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தடவை இலை வெட்டியபடியே வருகிறது. கொரோனா நேரம் கொழும்புக்குப் போகிற சாக்கு எல்லாவற்றுக்கும் கிருமி சாகிற மருந்து அடித்துத்தானே ஏற்றினோம். உன் இலைக்கு நானே மருந்து தெளிக்கிற டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு, சாக்கைக் கொட்டிப் புரட்டிப் புரட்டி அடித்தேன். இங்கே இருந்து உனக்கு நோய் வந்துவிடக் கூடாது என்று பயம். இப்போது அந்த மருந்து வாங்குகிற விலையில் இல்லை. நீ அங்கே நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்.

பெருநாளைக்கு வரப் பார். பஸ் இல்லாவிட்டால் அதே லொறியில் முன்னால் உட்கார்ந்து வரலாம்.

நானா ஸுஹைல்


மாத்தளை
30 மே 2022

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நீ சுகமா? பெருநாளைக்கும் வரவில்லை, பதிலும் இல்லை. போன் எடுத்தால் வேலை, வேலை என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். இலை சேர்ந்ததா இல்லையா? உம்மா தினமும் கேட்கிறார்.

இங்கே எல்லோருக்கும் இருமல். வேலியில் இருந்து கொண்டுவந்த கம்பை உம்மா பின்முற்றத்தில் நட்டு, அது தழைத்துவிட்டது. கேட்டு வருகிறவர்களுக்கு அவரே ஒடித்துக் கொடுக்கிறார். மாமிகூட நீ கண்ட மருந்து என்று பயபக்தியோடு வாங்கிப் போகிறார். மாமி இப்போது உன்னைப் பற்றிப் பேசும் மரியாதையைப் பார்க்க வேண்டும்.

உம்மாவுக்கு இரவில் கொஞ்சம் இழுப்பு இருக்கிறது. காலநிலைதான் காரணம். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து தூங்குகிறார். இன்ஹேலர் எங்கும் இல்லை. இருந்த ஒன்றையும் அலுமாரிக்குள் வைத்துவிட்டார், மகளுடைய மருந்து இருக்க அது எதற்கு என்கிறார். நான் சத்தம் போட்டேன். நீ பயந்துவிடாதே, எழுதாமல் விட்டால் பிறகு கோபிப்பாய் என்றுதான் எழுதினேன்.

உடனே பதில் போடு.

நானா ஸுஹைல்


கொழும்பு
6 ஜூன் 2022

நானாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். அலுமாரியைத் திறந்து இன்ஹேலரை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

அந்த இலை மருந்து இல்லை.

நீங்கள் அனுப்பிய புது இலையைப் போட்டேன். செல்கள் எல்லாம் செத்தன. கை தவறிவிட்டது என்று மறுபடி போட்டேன். அப்போதுதான் நீங்கள் டாங்கி பற்றி எழுதிய வரி ஞாபகம் வந்தது. பழைய சாற்றை மெஷினில் கொடுத்துப் பார்த்தேன். எந்தச் செடியும் தன் உடம்பில் செய்யாத ஒரு பொருள் அதில் இருந்தது. தரை துடைக்கிற, சாக்குக்கு அடிக்கிற தொற்றுநீக்கி. செல்களைக் கொல்லாத அளவு கொஞ்சமாக இருந்து வைரஸைக் கொன்றது அதுதான். ஆடாதோடை சும்மா கூட நின்றிருக்கிறது.

எனக்கு இது மே மாதமே தெரியும். புரொபசரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் திட்டவில்லை. இப்படி ஒரு பொருள் கலந்து எத்தனை மூலிகை ஆராய்ச்சிகள் ஏமாந்திருக்கும், இதையே முறையாக எழுது, சுத்தமான இலையை ஆரம்பத்தில் இருந்து பார், இன்னும் ஒரு வருடம் எடு என்றார். இல்லை என்று காட்டுவதும் இங்கே ஒரு கண்டுபிடிப்புத்தான். நம் வீட்டில் அது எடுபடாது. மருந்து இல்லை என்றால் உம்மாவின் வாக்கும் இல்லை, இன்ஷாப் வந்துவிடுவார், நான் அடுப்படியில் நிற்பேன். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உம்மா கஷாயம்தானே குடிக்கிறார், குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். இன்ஹேலரை விட்டது எனக்குத் தெரியாது.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் நானா.

முனவ்வரா


மாத்தளை
22 ஜூன் 2022

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் வைத்து நாலைந்து தடவை வாசித்தேன். நான் அடித்த மருந்து உன் படிப்பில் போய் விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அல்லாஹ் மீது ஆணை, உன் நன்மைக்குத்தான் செய்தேன்.

உம்மாவிடம் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை வாய் திறந்தேன். முதல் தடவை மாமி உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை உம்மா, உன் படம் பேப்பரில் வருமா என்று கேட்டார். பிறகு எப்படிச் சொல்வது?

இன்ஹேலரைக் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். உம்மா திருப்பித் தந்துவிட்டார். "இத எடுத்தா எம்புள்ளய நான் நம்பல்லன்னு ஆயிரும். ஊருக்கெல்லாம் எலய ஒடிச்சுக் குடுத்துட்டு நான் மட்டும் பார்மசி மருந்து இழுக்கவா?" என்றார். மூச்சு இழுக்க இழுக்கத்தான் இதையும் சொன்னார். இப்போது அடுப்படிக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து போகிறார். ஆஸ்பத்திரிக்கும் வர மறுக்கிறார். வந்தால் டொக்டர் கேட்பாராம், மகளின் மருந்துக்கு அவமானமாம்.

டாங்கி விஷயம் வெளியில் வராமல் பார்த்துக்கொள். ஏலமும் கராம்பும் போன சாக்குகளுக்கும் அதே மருந்துதான் அடித்தோம், வெளியில் மட்டும்தான். ஆனால் கேட்கிறவன் உள்ளே வெளியே என்று பிரித்துக் கேட்கமாட்டான். வாப்பா இருந்து நடத்திய கடை இது.

நீ சொன்னால் உம்மா கேட்பார். நான் சொன்னால், உனக்கு என்னடா தெரியும் என்பார். நீயே சொல்.

நானா ஸுஹைல்


கொழும்பு
29 ஜூன் 2022

நானாவுக்கு,

ஸலாம். இத்ரூஸ் லொறியோடு கீழே நிற்கிறார், அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

இன்று போன் எடுத்தேன். உம்மா என்னைப் பேச விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, நான் நல்லா இருக்கேன், ஒன்ட மருந்தால நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்து வைத்துவிட்டேன். காதில் மட்டும் சொன்னால் உம்மா நம்பமாட்டார், யாரோ என்னைக் கெடுத்துவிட்டார்கள் என்பார். எல்லோரும் கேட்க, நான் வெட்கப்பட்டுச் சொன்னால்தான் நம்புவார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எடுப்பேன். மாமியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். இலை மருந்து இல்லை, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நானே சொல்கிறேன்.

நான் சொல்லி முடித்ததும் நீங்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். முனவ்வராவின் கைப்பிழை இல்லை, மருந்து அடித்து அனுப்பியது நான் என்று. சாக்குகளைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம், இந்த இலையைப் பற்றி மட்டும். அதைச் சொன்னால் எனக்கு அந்த ஒரு வருடம் கிடைக்கலாம்.

முனவ்வரா


மாத்தளை
17 ஜூலை 2022

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், முதலில் நல்ல செய்தி. உம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாக மூச்சு விடுகிறார்.

நீ பேசி முடித்தாய். உம்மா போனையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "எம்புள்ள பொய் சொல்லாது. அது மருந்து இல்லேன்னா இல்லதான்" என்று பஹ்மிதாவை அலுமாரி திறக்கச் சொன்னார். இன்ஹேலரை எடுத்துத் தானே இழுத்தார். அது போதவில்லை. பெட்ரோல் இல்லாமல் ஒரு த்ரீவீலும் கிடைக்கவில்லை. இத்ரூஸின் லொறியில் சாக்குகளை இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். நீதான் உம்மாவைக் காப்பாற்றினாய். இதை நான் எங்கேயும் சொல்வேன். ஹஜ்ஜுப் பெருநாளையும் வார்டில்தான் கழித்தோம்.

ஒருவரும் உன்னைக் குறை சொல்லவில்லை. மாமி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, படிக்கிற பிள்ளைக்குப் பிழை வராதா என்றார். உம்மா வார்டில் படுத்துக்கொண்டே அழுதார். "பாவம், அங்க தனியா கெடந்து இத மனசுல வச்சிட்டு எப்புடித்தான் சோறு தின்னுச்சோ. வரச் சொல்லு. படிச்சது போதும்" என்றார். இன்ஷாப் கட்டாரில் இருந்து ஒக்டோபரில் லீவில் வருகிறார். இந்தச் சங்கதி தெரிந்தும் அவருக்கு ஒன்றும் இல்லையாம், நல்ல பிள்ளை. மாமி அங்கேயே வார்டில் வைத்துக் கேட்டார். உம்மா என்னைப் பார்த்தார். அந்த நிலையில் நான் என்ன சொல்வது? தலையாட்டினேன்.

பின்முற்றத்துச் செடியைப் பிடுங்கிவிட்டோம். மிளகு விலை இறங்குகிறது. நீ உடம்பைக் கவனித்துக்கொள். பஸ் ஓடத் தொடங்கியதும் வா, எல்லோரும் காத்திருக்கிறோம்.

நானா ஸுஹைல்


கொழும்பு
8 ஓகஸ்ட் 2022

நானாவுக்கு,

ஸலாம். உங்களுக்கும் மதினிக்கும் சுகம் உண்டாகட்டும். உம்மாவுக்கு இரண்டு இன்ஹேலர் தேடி வாங்கியிருக்கிறேன், வரும்போது கொண்டுவருவேன். காலையும் மாலையும் தவறாமல் எடுக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன். இல்லை. இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும். அன்று நான் பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. மாமி ஸுப்ஹானல்லாஹ் என்றது கேட்டது. நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். இதோ சொல்லப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சிக்னல் போயிட்டு போல" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தீர்கள். எனக்குச் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கடையை நினைத்துச் செய்தீர்கள், தெரியும். மாமி குத்திப் பேசாததும் உம்மா எனக்காக அழுததும் இன்ஷாப் பரவாயில்லை என்றதும் எல்லாம் அன்புதான். ஒருவராவது கெட்டவராக இருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். நல்லவர்கள் சுற்றி நின்றுகொண்டு வா என்று கூப்பிடும்போது எந்தப் பக்கம் ஓடுவது?

புரொபசரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையை வேறொருவர் முடிப்பார். இலை அனுப்பியவர் தொற்றுநீக்கி அடித்திருந்தார் என்று ஒரு வரி வரும், பெயர் வராது. பயப்படாதீர்கள். சுத்தமான இலையில் கடைசியாக ஒரு தட்டு போட்டேன். ஒரு மூலையில் செல்கள் கொஞ்சம் தாக்குப் பிடித்தன. அது நிஜமா, என் ஆசையா என்று தெரிய ஒரு வருடம் வேண்டும். தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன்.

நிக்காஹ் அன்று வாப்பாவின் இடத்தில் வலியாக, எனக்குப் பொறுப்பாளராக, நீங்கள்தான் உட்காருவீர்கள். என்னைக் கொடுக்கச் சம்மதமா என்று உங்களைத்தான் கேட்பார்கள். அன்றைக்காவது செருமி நிறுத்திவிடாமல் வாய் திறந்து பேசுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் சபை கேட்கும்.

சனிக்கிழமை வருகிறேன். உம்மா நன்றாக மூச்சு விடுகிறார், அது போதும் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை நானா.

முனவ்வரா